ரப்பர் கை

விழா மேடையில் வைத்து முதலாளியே செங்கோடனுக்கு ரப்பர் கையை மாட்டிவிட்டார். அந்தக் கைக்குள் கொழகொழவென்று ஏதோ எண்ணெய். மின்சாரம் பாய்ந்தால் கல்லாக இறுகும். நிறுத்தினால் செத்த தவளைபோலத் தொங்கும். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“இறுக்கிப் பிடிப்பா, போட்டோவுல தெரியணும்” என்று முதலாளி அந்தத் தொளதொளத்த விரல்களுக்குள் தன் கையை நுழைத்தார். செங்கோடன் இடக்கையிலிருந்த சுவிட்சைப் போட்டான். ரப்பர் விரல்கள் இறுகின. படம் எடுத்தார்கள்.

முதலாளி சிரிப்பு மாறாமல், கையைச் செய்த இன்ஜினியரிடம் சொன்னார்: “கழட்டிப் பெட்டில வச்சிரு. நாளைக்கு ஈரோட்டு ஃபங்ஷனுக்கும் இதே கைதான்.”

அந்தச் சிரிப்பைப் பார்க்க, எண்ணெயே தேவலாம் போலிருந்தது செங்கோடனுக்கு.

முதலாளி கையை இழுத்தார். வரவில்லை.

“சுவிட்ச ஆஃப் பண்ணுடா!”

அவருடைய மெஷினுக்குள் கை போன அன்று செங்கோடனும் இதையேதான் கத்தினான்.