ஜன்னலோரத் தையல் மிஷின்

இடுப்பு வலியென்று வேலையை விட்ட செல்லத்தாயைத் திரும்ப அழைக்க, பனியன் கம்பெனி முதலாளி செங்கோட்டையன் அவள் வீட்டுக்கே வந்தார். ஜன்னலோரம் தையல் மிஷினும், அதன் முன்னால் சாய்மானமும் மெத்தையும் வைத்த நாற்காலியும் இருந்தன.

"அட, வசதியா வெச்சிருக்கீங்களே! இந்த ரோசனையெல்லாம் யாரு குடுத்ததுங்க?"

"நம்ம கம்பெனிலதான் பாத்தேன் மொதலாளி. வெளிநாட்டுக்காரங்க பாக்க வந்தப்போ, எங்க எல்லாருக்கும் இந்த மாதிரி நாற்காலி போட்டிருந்தீகள்ல? அன்னைக்கு மட்டும் எனக்கு இடுப்பே வலிக்கல."

வந்தவர்கள் காரேறியதுமே வாடகை நாற்காலிகளைத் திருப்பி அனுப்பிவிட்டு, பழைய ஸ்டூல்களைப் போடச் சொன்னவர் அவர்தான்.

"அந்த நாற்காலியிலயே ஒக்காருங்க மொதலாளி, காப்பி போடுறேன்."

அவரால் உட்கார முடியவில்லை. வேலைக்குக் கூப்பிட வந்ததைச் சொல்லாமலே, நின்றபடி காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.