பார்த்த வரைக்கும்

எஸ்தரும் கனகவேலும் அந்த மலையாளக் காதல் படத்தை நான்கு முறை பார்த்திருந்தார்கள். அவளுடைய விடுதியை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள் என்பதால், நான்கு முறையும் கடைசி அரை மணி நேரம் இருக்கும்போதே எழுந்து வந்துவிட்டார்கள். மொழி புரியாவிட்டாலும் படகுப் பாட்டு அவளுக்கு மனப்பாடம். பதிவுத் திருமணம் முடிந்து மெஸ் மாடியில் சாப்பாடு போட்டபோது, கிளாரினெட்காரரை அதையே வாசிக்கச் சொன்னாள். இரண்டு வீட்டிலிருந்தும் வந்திருந்த ஒரே ஆள் கனகவேலின் அம்மாதான். மஞ்சள் பையை மடியிலிருந்து இறக்காமல், எப்போது வேண்டுமானாலும் கிளம்பிவிடுகிறவள் போல உட்கார்ந்திருந்தாள்.

"மோளே, இது வேண்டாம்," என்றார் டீக்கடை குஞ்ஞுமோன். "கடைசியில ரெண்டு பேரும் ஆத்துல செத்துக் கெடக்கும்போ இந்தப் பாட்டுதான் திரும்ப வரும்."

கிளாரினெட் நின்றது. அம்மா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"அத நாங்க பாக்கவே இல்ல சேட்டா," என்றாள் எஸ்தர். "அதுக்குள்ள பஸ் ஏறிட்டோம்."

அம்மா திரும்பினாள். "பாதியிலயா எந்திரிச்சு வந்தீங்க?"

"நாலு வாட்டியும் அப்படித்தாங்க அத்தை."

"ஒரு படத்தக்கூட உருப்படியாப் பாக்கத் தெரியல." அம்மா பையை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். பிறகு கிளாரினெட்காரரிடம் சொன்னாள்: "இதுக பாத்த வரைக்கும் வாசிங்க."