இறால் மணம்

பிலோமி வீட்டு மேல் அலமாரியில் ஒரு கேக் தட்டு இருந்ததாம். கிறிஸ்துமஸ் கேக் தன்னில்தான் வேகிறது என்று அதற்கு அவ்வளவு பெருமை. கீழ் மூலையில் மீன்சட்டி. மீனுக்கென்று ஒதுக்கிய பாத்திரத்தில் அந்த வீட்டில் வேறெதுவும் சமைக்க மாட்டார்கள். “எவ்வளவு குளிச்சாலும் நாத்தம் போகாதா, சட்டியக்கா?” என்று தட்டு தினமும் கேட்கும்.

“நேத்து வஞ்சிரம்டி. போக மனசு வருமா?” என்று சட்டி சிரிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிலோமி தட்டில் மாவை விரித்து, இறாலும் கணவாயும் சீஸும் நிரப்பி, மேலே மாவால் மூடி ஓவனில் வைத்தாள். இத்தாலிக்காரர்கள் செய்கிற பலகாரமாம். வீடே மணந்தது. தட்டுக்குத் தலைகால் புரியவில்லை.

எல்லாரும் சாப்பிட்டதும் பிலோமி தட்டை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். எலுமிச்சைத் தோலால் தேய்த்தாள். பிறகு முகர்ந்து பார்த்தாள். தட்டு மூச்சை அடக்கிக்கொண்டது.

“இனிமே இதுல கேக் சுட முடியாது” என்று குனிந்து, அதைக் கீழ் மூலையில் வைத்தாள்.

தட்டு யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சட்டி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.

“நல்லா ஒட்டி உக்காரு. உள்ள என்னடி வெச்சா? மணம் இங்க வரைக்கும் வந்துச்சே.”

தட்டு சட்டியை ஒட்டி உட்கார்ந்து மெல்லச் சொன்னது: “இறால், அக்கா. கொஞ்சம் கணவாயும்.”