வயிற்றுக்குள் உளவு

"குடை கம்பெனியிலயா வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார் டாக்டர் மகபே, படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு.

"ஆமாங்க டாக்டர். பதினெட்டு வருஷமா குடைதான்" என்றான் ஹிசாதா, பரிசோதனைக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி.

பச்சைப் பொய். ஹிசாதா செய்வது எண்டோஸ்கோப்புக் குழாய். இரைப்பைக்குள் விட்டுக் கைப்பிடியிலிருக்கும் திருகைச் சுழற்றினால், நுனி வேண்டிய பக்கம் வளையுமே, அது. ஒன்பது வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு அவன் வடிவமைத்த குழாயின் கழுத்தில் சிவப்பு வளையம் இருக்கும். எதிர்க் கம்பெனியின் குழாயில் நீல வளையம். உள்ளே போனபிறகு வந்த வழியையே திரும்பிப் பார்க்க வேண்டிய இடத்தில், நீலம் நைசாக வளைகிறதாம், சிவப்பு வெடுக்கென்று உதைக்கிறதாம். டாக்டர்கள் புகார்மேல் புகார் எழுதினார்கள்.

ஹிசாதாவும் சளைக்கவில்லை. திருகை இறுக்கிப் பிடியுங்கள், இன்னும் இறுக்கிப் பிடியுங்கள் என்று புகாருக்கு ஒரு பக்கம் வீதம் கையேட்டில் சேர்த்துக்கொண்டே போனான். கையேடு முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தைத் தொட்டது. உதை மட்டும் நிற்கவில்லை.

"நீலம் எப்படித் திரும்புதுன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள கண்டுபிடி. இல்லேன்னா சிவப்பை இழுத்து மூடிருவோம்" என்று பிரிவுத் தலைவர் தோய் சொல்லிவிட்டார்.

எதிர்க் கம்பெனி தன் குழாயை இவன் கையில் கொடுக்குமா? கைக்கு வராவிட்டால் என்ன, வயிற்றுக்கு வருமே என்று ஹிசாதாவுக்குத் தோன்றியது. கோஃபு என்ற ஊரில் நீலம் வைத்திருக்கும் மருத்துவமனை ஒன்றை விசாரித்து, பட்டினியோடு காலை ரயிலேறி வந்து, காப்பீட்டு அட்டையை நீட்டி, தொழில் என்று கேட்ட இடத்தில் 'குடை' என்று எழுதிவிட்டான்.

நர்ஸ் ஒகுனி மூக்கில் மரப்பு மருந்தை அடித்துவிட்டு அவனுடைய கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டார். உலகமே மங்கலாகிவிட்டது. அலமாரியில் இரண்டு கறுப்புக் குழாய்கள் தொங்குவது மட்டும் நிழலாகத் தெரிந்தது.

"எது டாக்டர்?" என்று கேட்டார் நர்ஸ்.

டாக்டர் படிவத்தைப் புரட்டி அடுத்த தாளைப் பார்த்தார். "அந்தக் கடைசியில இருக்கே, அது. இவருக்கு அதுதான் சரிப்படும்."

மூக்கு வழியாகப் போகிற குழாய் என்பதால் வாய்க்கு வேலையில்லை. ஹிசாதாவால் சும்மா இருக்க முடியவில்லை.

"டாக்டர், எப்பத் திரும்புவீங்க?"

"திரும்பியாச்சே."

"அதுக்குள்ளயா? இன்னொரு தடவை திரும்புங்களேன்."

"இது என்ன ராட்டினமா, ஹிசாதா சான்?"

"ஒரே ஒரு தடவை. இந்தப் பக்கமா."

டாக்டருக்கு அறுபது வயது. இப்படி ஆசைப்பட்டுக் கேட்ட நோயாளியை அவர் பார்த்ததில்லை. இரண்டே விரலால் திருகை லேசாகத் தொட்டுத் திருப்பினார். தூங்குகிற பூனை புரண்டு படுப்பதுபோல் உள்ளே ஏதோ மெதுவாகப் புரண்டது, அவ்வளவுதான்.

ஹிசாதாவுக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது. டாக்டர் பார்த்துக்கொண்டிருந்த திரையிலோ அந்த வயிறு ஒரு புண்கூட இல்லாமல் இளஞ்சிவப்பாகப் பளபளத்தது.

"வலிக்குதா? கண்ணுல தண்ணி வருதே" என்று நர்ஸ் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"வலிக்கவே இல்லீங்க. அதான் அழுகையா வருது."

"நல்ல மனுஷன்யா நீங்க" என்றார் டாக்டர்.

"இதைச் செஞ்சவரு பெரிய ஆளு டாக்டர். சில பேரு அவரு கால் தூசிக்குப் பெறமாட்டாங்க."

மனதாரத்தான் சொன்னான். வெள்ளிக்கிழமை வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம், நாளைக்கே போய்ச் சிவப்பை மூடிவிடுங்கள் என்று தோயிடம் சொல்லிவிடுவது என்று அப்போதே முடிவும் செய்துவிட்டான்.

குழாய் வெளியே வந்தது.

"வயிறு சுத்தமா இருக்கு. ஸ்டேஷன் பக்கத்துல பூசணிக்காய் போட்ட நூடுல்ஸ் கிடைக்கும், ஒரு மணி நேரம் கழிச்சு ஆறவச்சுச் சாப்பிடுங்க" என்றார் டாக்டர்.

"டாக்டர், ஒண்ணே ஒண்ணு. இது எப்படி இவ்வளவு நைசாத் திரும்புது?"

"குடைக்காரருக்கு எதுக்கு அது? முதல்ல கண்ணாடியைப் போடுங்க."

போட்டான். நர்ஸ் கழுவுவதற்காக எடுத்துப் போய்க்கொண்டிருந்த குழாயின் கழுத்தில் சிவப்பு வளையம் இருந்தது.

"தொழில் குடைன்னு எழுதிட்டீங்க. நீட்டின காப்பீட்டு அட்டையில உங்க கம்பெனி பேரு கொட்டை எழுத்துல இருக்கே" என்றார் டாக்டர். "சொந்தச் சரக்கு இருக்கிறப்ப இரவல் எதுக்குன்னு உங்களோடதையே விட்டேன்."

ஹிசாதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தான்; சிவப்பேதான். "அப்ப உங்ககிட்ட மட்டும் அது ஏன் உதைக்கல?"

டாக்டர் அலமாரியின் மேல்தட்டிலிருந்து கனத்த புத்தகம் ஒன்றை எடுத்து, தூசி தட்டி, அவன்முன் வைத்தார். அதன் பிளாஸ்டிக் உறைகூடக் கிழிபடவில்லை.

"உங்க கையேட்டை நான் இன்னும் பிரிக்கவே இல்லை."