யார் இந்தக் 'கடலோரம்'?

"ஃபோரத்த இன்னிக்கே மூடிடு வைஷாலி. போதும்மா, மானம் போவுது!"

சதாசிவம் கம்ப்யூட்டர் திரையை விரலால் குத்தினார். படூரில் சோலார் வாட்டர் ஹீட்டர் செய்து விற்கும் சின்னக் கம்பெனி அவருடையது. கஸ்டமர்கள் நெட்டில் கேள்வி கேட்க, குறை சொல்ல ஒரு ஃபோரம் வேண்டும் என்று அடம்பிடித்து ஆரம்பித்தவள் வைஷாலி. அதை நடத்துவதுதான் அவளுக்கு வேலையே. மூடினால் அவள் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

"சார், மூணு மாசத்துல நாப்பது பேர் சேர்ந்திருக்காங்க..."

"சேர்ந்து இன்னா பண்றாங்க? இந்தக் 'கடலோரம்' நம்ம மானத்த வாங்கறத வேடிக்கை பாத்துகினு கீறாங்க!"

'கடலோரம்' என்பது புனைபெயர். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டி வாரத்துக்கு மூன்று கேள்வி. உப்புக் காற்றில் போல்ட் துருப்பிடித்தால் என்ன செய்வது? சாயங்காலம் கொதிக்கிற தண்ணீர் காலையில் ஏன் ஜில்லென்று ஆகிவிடுகிறது? வைஷாலி ஃபிட்டர்களிடம் விசாரித்துப் பதில் எழுதுவாள். பதிலில் கொஞ்சம் மழுப்பினால் போதும், மறுநாளே அடுத்த கேள்வி வந்து நிற்கும்.

"நரசிம்மன பாரு, ப்ளாக் மட்டும் வச்சிகினு நிம்மதியா கீறான்" என்று சதாசிவம் ஒரு வலைப்பூவைத் திறந்து காட்டினார். நரசிம்மன் கேளம்பாக்கத்தில் போட்டிக் கம்பெனி நடத்துபவர். "அவன் எழுதறான், ஊரு படிக்குது. எங்கயாச்சும் ஒரு குறை கீதா பாரு!"

"குறை சொல்ல அதுல இடமே இல்லியே சார்."

"அதத்தான் நானும் சொல்றேன்!"

வைஷாலிக்கு அந்த ஆள் யாரென்று தெரிந்துகொள்ளாமல் மூட மனசு வரவில்லை.

"நேர்ல போய்ப் பாத்துடலாம் சார். கேட்டதும் அட்ரஸ் குடுத்துட்டாங்க. முட்டுக்காடு. பதினொரு மணிக்கு மேல வரணுமாம்."

சதாசிவத்துக்கும் உள்ளூர அந்தக் குறுகுறுப்பு இருந்தது. "முட்டுக்காட்டுல நம்ம ஹீட்டர் பத்து வூட்டுல கீது. அதுல எவன் இவ்ளோ வெவரமா கேக்கறான்? கல்பாக்கத்துல ரிட்டயரான விஞ்ஞானியா இருப்பானோ?" என்றபடி வண்டிச் சாவியை எடுத்தார். "வா, ரிப்பேர் பண்ணிக் குடுத்துட்டு வந்து மூடிடலாம்."

படகுத் துறைக்குப் பின்னால் இருந்தது அந்த மாடி வீடு. கதவைத் திறந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள். பெயர் பிரபாவதி. கையெல்லாம் இட்லி மாவு.

"நீதான் வைஷாலியாம்மா? எவ்ளோ பொறுமையா பதில் போடற! நீ சொன்ன மாதிரி பெயின்ட் அடிச்சேன், துரு நின்னுடுச்சு" என்று பூரித்துப்போனார்.

விஞ்ஞானியை எதிர்பார்த்து வந்த சதாசிவம் அசடு வழிந்தபடி ஸ்பேனருடன் மொட்டை மாடிக்கு ஏறினார். மற்ற இருவரும் பின்னாலேயே போனார்கள். ஹீட்டரைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது? நம்ம மெஷினே இல்ல! நரசிம்மன் கம்பெனி பேரு போட்டுகீது!"

"உங்களோடதுன்னு நான் எப்ப சார் சொன்னேன்?" என்றார் பிரபாவதி.

வைஷாலி யோசித்துப் பார்த்தாள். உண்மைதான். ஒரு கேள்வியில்கூட அவர் கம்பெனி பெயரை எழுதியதில்லை.

"அப்ப எங்க ஃபோரத்துல ஏம்மா கேட்டீங்க?" என்றாள்.

"கேட்டா பதில் வர்ற எடம் அது ஒண்ணுதானேம்மா?"

மூன்று மாதமாகப் போட்டிக்காரனின் மெஷினுக்கு இலவச சர்வீஸ்! சதாசிவம் முறைக்கத்தான் பார்த்தார், சிரிப்பு முந்திக்கொண்டது. "ஃபோரம் இருக்கட்டும் வைஷாலி, மூடாத" என்றார். வைஷாலிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஆனா ஒண்ணும்மா" என்று அவர் பிரபாவதி பக்கம் திரும்பினார். "கேளம்பாக்கம் இதோ பக்கத்துலதான் கீது. நரசிம்மனையே நேர்ல பாத்துக் கேட்டிருக்கலாமே?"

"சாப்பாடு போடறப்பல்லாம் கேக்கறேன் சார்" என்றார் பிரபாவதி. "'ப்ளாக்ல எழுதியிருக்கேன், படிச்சுக்கோ'ன்னுட்டு எழுந்து போயிடறாரு என் வீட்டுக்காரர்!"