பாதி ஆப்பிள்

ரயிலில் மணி பதினொன்று ஆனதும், ஓய்வுபெற்ற தபால்காரர் டப்பாவைத் திறந்து ஆப்பிளில் பாதியை மட்டும் தின்றார்.

எதிர் சீட்டு நர்ஸ் கேக்கை நீட்டினாள்.

"வேண்டாம்மா, சுகர். இருபத்திரண்டு வருஷமா பயணத்துலயும் பத்தியந்தான். சம்சாரத்துக்கும் இருந்துச்சு. போன வருஷம் போய்ச் சேர்ந்துட்டா."

"மாத்திரை போட்டீங்களா ஐயா?"

"எனக்கெதுக்கு மாத்திரை?" வாய் தவறி வந்துவிட்டது.

நர்ஸ் முறைத்தாள். அவர் அசடு வழிந்தார்.

"சம்சாரத்துக்குச் சுகர் வந்தப்புறம் போன முதல் பயணத்துல, எல்லாரும் இனிப்பு வாங்கறதைப் பாத்து அவ கண் கலங்கிட்டா. எனக்கும் சுகர்தான்னு ஒரு பொய் சொன்னேன்."

"இனிமேலாவது சாப்பிடலாமே?"

மீதிப் பாதி ஆப்பிளைப் பக்கத்துக் காலி சீட்டில் வைத்தார். "கடைசி வரைக்கும் நம்பினாம்மா. இப்பப் போயி மாட்டிக்கச் சொல்றியா?"