விரல் பட்ட நுனி

தொட்டுவிட்டாள்.

கண்ணாடி இழையின் நுனியை, வெறும் விரலால். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தொடாதே என்று சொல்லித்தரும் இடம் அது. விரலின் பிசுக்கு போதும், உள்ளே போகிற ஒளி செத்துப்போகும்.

தன்னையே திட்டிக்கொண்டாள்.

தொடாமல் மாட்டியிருந்தால் இந்நேரம் வேலை முடிந்திருக்கும், இந்த இழை வழியாகத்தான் பேச்சு போகிறது. இந்தத் துணை மின்நிலையத்து ரிலே பெட்டியும், மலைக்கு அந்தப் பக்கத்துத் துணை மின்நிலையத்தின் பெட்டியும் மறுபடி பேசத் தொடங்கியிருக்கும். நடுவே ஓடும் உயரழுத்தக் கம்பிக்கு அவை இரண்டும்தான் காவல். காலையிலிருந்து இரண்டுக்கும் பேச்சு அறுந்து கிடக்கிறது.

செயற்பொறியாளர் ஃபோனில் கத்திக்கொண்டே இருந்தார். இது சரியாகும்வரை அவருக்குச் சோறு இறங்காது.

ஸ்பிரிட் புட்டியின் மூடி அசைந்துகொடுக்கவில்லை. பல்லால் கடித்துத் திறந்தாள். துடைக்க ஆரம்பித்தாள்.

வெளியே யார்டில் டமார் என்றது.

கம்பியின் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் திறந்துவிட்டது. பெட்டியில் சிவப்பு விளக்கு. எதுவோ கம்பியைத் தொட்டிருக்கிறது. தொட்டதுமே பெட்டி மின்சாரத்தை வெட்டிவிட்டது.

மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு நொடி. அது கழிந்ததும் பெட்டி தானாகவே மின்சாரத்தை மறுபடி விடும். பெரும்பாலும் மின்னலோ மரக்கிளையோதான், அதற்குள் விலகியிருக்கும். விளக்கு ஒருமுறை சிமிட்டியதோடு ஊர் அதை மறந்துவிடும்.

நொடி போனது.

இரண்டாவது டமார் வரவில்லை.

திரையில் ஒரு வரி. மறுமுனையிலிருந்து பதில் இல்லை, மறு இணைப்பு நிறுத்தப்பட்டது.

கூட்டாளியின் குரல் கேட்டால்தான் இந்தப் பெட்டி மறுபடி மின்சாரத்தை விடும். கேட்காவிட்டால் தனியாகத் துணியாது. ஒரு தாலுகாவே மின்சாரம் இல்லாமல் கிடக்கிறது, அவள் ஒரு விரலால். வேலைக்கே உலை வைத்துக்கொண்டாள்.

ஃபோன் அடித்தது. செயற்பொறியாளர் என்று நினைத்துத்தான் எடுத்தாள்.

லைன் இன்ஸ்பெக்டர் மாரப்பன். மூச்சிரைத்தது.

"மேடம், ரோட்டு வேலைக்கு வந்த கிரேனுங்க. டிரைவரு அதோட ஏணியில எறங்கிட்டிருந்தான், கிரேனோட நீளக் கையி தானாச் சாஞ்சு கம்பியில பட்டுருச்சு. பதறிப்போயி ஒரு காலை மண்ணுல வச்சுட்டான், ஒரு காலு ஏணியில. ஒடனே கரண்டு திரும்பி வரும்னு எனக்குத்தான் தெரியுமுங்களே. கண்ண மூடிக்கிட்டேன்."

அவர் குரல் உடைந்தது.

"வரவே இல்லீங்க மேடம்."

அவள் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஆளு உசுரோட இருக்கானுங்க. தண்ணி குடிக்கறான்."

சுவரோரம் இருந்த பெட்டியைப் பார்த்தாள். சாம்பல் நிறத் தகரம், நான்கு திருகு. அதற்குக் கிரேன் தெரியாது. ஏணி தெரியாது. மண்ணில் ஊன்றிய கால் தெரியாது. பதில் வரவில்லை என்பது மட்டும் தெரியும். அதனால் சும்மா இருந்தது.

உடம்பெல்லாம் சிலிர்த்தது. கும்பிடத் தோன்றியது, யாராவது பார்த்தால் சிரிப்பார்கள் என்று கையை இறக்கிக்கொண்டாள்.

கிரேனை நகர்த்திவிட்டதாக மாரப்பன் சொன்ன பிறகு செயற்பொறியாளரும் கூப்பிட்டார்.

"இவ்வளவு நேரம் என்னம்மா பண்ணிட்டிருந்தே?"

"தொடச்சிட்டிருந்தேன் சார்."

நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இன்னொரு முறை துடைத்தாள். மாட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரத் தொடங்கியது.

ஸ்பிரிட் புட்டியை மூடிவைத்தாள்.

விரலை மட்டும் அவள் துடைக்கவில்லை.